ஒன்பது பொட்டலம் குளியல் பொடி

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்கு என் மகளின் போன் அடித்தது. நிமிடம் வரைக்கும் சொல்ல முடிவதற்குக் காரணம் என் ஞாபகசக்தி அல்ல. அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் போனை வாங்கி அந்த அழைப்பை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தாலும் பார்ப்பேன்.

புனேயில், ஔந்து பகுதியில் எங்கள் குடியிருப்பின் வாசலில், காரிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். மகள் ஒரு பெட்டியை இடுப்பில் இடுக்கியபடியே மராத்தியில் பேசினாள். "ஹோ, ஹோ", ஆமாம் ஆமாம் என்றாள். அப்புறம் பெட்டியோடு என் பக்கம் திரும்பினாள். அவளுக்குப் பதினாறு வயது, பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறை. வாய் ஓயாத பிள்ளை.

"அப்பா, நாம குடுத்தோமே கடலை மாவு, அது கெட்டுப்போனதான்னு கேக்கறாங்க."

"நாம எங்கம்மா கடலை மாவு குடுத்தோம்?"

"அதான் எனக்கும் தெரியல. அதைக் கரைச்சுக் காய்ச்சி பிட்லா செஞ்சு குழந்தைக்கு ஊட்டினாங்களாம். குழந்தை வாந்தி எடுக்குதாம்."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும். பெட்டி அவள் இடுப்பிலிருந்து நழுவி விழுந்தது.

அது கடலை மாவு இல்லை. குளியல் பொடி.

எங்கள் வீட்டில் பச்சைக் குழந்தைக்கு சோப்பு போடுகிற வழக்கம் கிடையாது. பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், இன்னும் என்னென்னவோ வாங்கி மொட்டை மாடியில் காயவைத்து, மாவு மில்லில் கொடுத்து என் மனைவி அரைத்து வருவாள். என் மகள் மூன்று வயது வரை அந்தப் பொடியில்தான் குளித்தாள். பெரும்பாலும் குளிப்பாட்டியது நான்தான். அதனால் அந்த வாசனை எனக்கு வெறும் வாசனை இல்லை. ஈரத் தலையோடு தோளில் சாய்ந்த ஒரு குழந்தையின் கனம் அது. அந்தப் பிரியம்தான் அன்றைக்கு என் கண்ணை மறைத்தது என்று இப்போது தெரிகிறது.

வியாழக்கிழமை வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைப் பகுதிக்கு வாரவிடுமுறை ஞாயிறு அல்ல, வியாழன். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, கட்கிப் பக்கம் ரயில் பாதையை ஒட்டிய குடிசைப் பகுதியில், இங்கே சொல்வதுபோல் பஸ்தியில், சுமார் நாற்பது வீடுகளுக்கு சோப்பு, பற்பசை, துணி சோப்பு, நாப்கின் என்று ஒரு பை கொடுத்து வருவோம். ஒன்றரை வருடமாக நடக்கிறது. எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மா, குளியலறையில் தேய்ந்து மிஞ்சும் சோப்புச் சில்லுகளை ஒரு டப்பாவில் சேர்த்து எடுத்துப்போவதை மகள் பார்த்ததில் தொடங்கியது. "ரேஷன்ல அரிசி வருது, கோதுமை வருது. சோப்பு வராதே" என்றாராம் அந்த அம்மா. அதை மகள் என்னிடம் வந்து ஏதோ நான் செய்த குற்றம்போலச் சொன்னாள்.

கொடுப்பது லேசான காரியம் என்று நினைத்திருந்தேன். முதல் மாதம், பேன் சீப்பை ஒரு பெண்ணின் கையில் நாலு பேர் பார்க்க நீட்டிவிட்டேன். அவர் வாங்கிக்கொள்ளாமல் திரும்பிப் போனார். இரண்டாவது மாதம் ஒரு முதியவர் என்னைச் சந்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போய், பெரியவர்களுக்கான டயப்பரைத் தன் மகனிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், மூன்று மணிக்கு மேல் மகன் இருக்க மாட்டான், அப்போது வந்து தன் கையில் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அப்புறம்தான் எல்லாவற்றையும் வீட்டிலேயே பிரித்து, வயதுவாரியாக, உள்ளே இருப்பது தெரியாத துணிப்பையில் கட்டி, வாயைச் சுருக்கிக் கொடுக்க ஆரம்பித்தோம். யாருக்கு என்ன வருகிறது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பையைத் திறந்து "இது இதற்கு" என்று காட்டிச் சொல்லும் வழக்கமும் அதோடு நின்றுபோனது.

அந்த வாரம் கைக்குழந்தையோ சின்னக் குழந்தையோ இருக்கும் ஒன்பது வீடுகளுக்கு இந்தப் பொடியும் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. குழந்தைக்கு சோப்பு போட்டால் உடம்பெல்லாம் பொரிகிறது என்று ஒரு தாய் சொல்லியிருந்தார். மனைவி கேட்டவுடன் அரைத்துக் கொடுத்தாள். மில்காரர் கொடுத்த கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறையிலேயே ஒன்பது பொட்டலம் போட்டேன்.

"அப்பா, மேல ஒண்ணும் எழுதலையே" என்று மகள் கேட்டாள்.

"எழுதணுமா? வாசனையே சொல்லிடுமே" என்றேன்.

தொழிற்சாலையில் நான் இருப்பது அனுப்புதல் பிரிவு. ஒரு பெட்டியில் சீட்டு ஒட்டாமல் விட்டாலும் வண்டியை நிறுத்திவைக்கிறவன் நான். அந்த நான்தான் இதைச் சொன்னேன்.

கிளம்பும் நேரத்தில் மூன்றாவது மாடி அம்மாள் ஓடி வந்து, "குழந்தை இருக்கிற வீடுகளுக்கு இதையும் போடுங்க" என்று துவரம்பருப்பும் உப்பும் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தார். நல்ல மனசு. பருப்புக்கும் உப்புக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு மாவுப் பொட்டலம் இருந்தால் அது என்னவென்று உலகத்தில் யாரைக் கேட்டாலும் என்ன சொல்வார்கள்?

காரைத் திருப்பிக்கொண்டு போகும்போது பின் இருக்கையில் மகள், இந்தப் பொடி வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று போனில் தேடிக்கொண்டே வந்தாள். நான் சிக்னலில் நின்றபோது போனை எடுத்தேன். மனைவிக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் ஆசிரியை, பரீட்சை மேற்பார்வை. போன்களை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

பஸ்தி வாசலிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மாள் நின்றிருந்தார். குழந்தையின் அத்தை, அப்பாவின் அக்கா; போன் செய்தது இவர்தான். ஐம்பதுக்குப் பக்கம் வயது. குழந்தை பெண், மூன்று வயது இருக்கும். தலை அத்தையின் தோளில் தொங்கிக் கிடந்தது. சட்டை முன்பக்கம் மஞ்சளாக நனைந்திருந்தது. அந்த வாந்தியிலும் அதே வாசனை. ரோஜா, மஞ்சள், பூலாங்கிழங்கு.

சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒரு வாலிபன், "போட்டோ எல்லாம் எடுத்தாச்சா சார்? அப்ப கிளம்புங்க" என்றான். எங்கள் குடியிருப்புக் குழுவுக்கு அனுப்ப முதல் மூன்று மாதம் போட்டோ எடுத்தது உண்மை.

கார் கதவைத் திறந்து அத்தையையும் குழந்தையையும் ஏற்றினேன். மகள் ஏறவில்லை.

"இன்னும் எட்டு வீடு இருக்கு அப்பா. யாராவது சமைச்சிட்டு இருப்பாங்க. நான் போய் வாங்கிட்டு வரேன்."

"தனியாவா? இந்தக் கூட்டத்துலயா? நீ வண்டியில ஏறு."

"அப்பா, உனக்கு மராத்தி வராது. பொடி எந்தெந்த வீட்டுக்குப் போச்சுன்னும் எனக்குத்தான் தெரியும். நீ டென்ஷன் எடுக்காத. போ."

நான் பயந்த சுபாவம். அவள் பள்ளிச் சுற்றுலா போனால் பஸ் எங்கே போகிறது என்று போனில் பார்த்துக்கொண்டே இருக்கிற ஆள். அவளைக் கோபமான ஒரு கூட்டத்தின் நடுவில் விட்டுவிட்டு காரைக் கிளப்பினேன். கண்ணாடியில் பார்த்தபோது அவள் அந்த வாலிபனிடமே ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கையை நீட்டி ஒரு சந்தைக் காட்டினான். அவள் ஓடினாள்.

மருத்துவமனை அதிக தூரமில்லை. அங்கே ஒரு இளம் பெண் டாக்டர் குழந்தையின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார், நாடி பார்த்தார். பிறகு என்னிடம் இந்தியில், "அந்தப் பொடியில என்னென்ன இருக்கு? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பயறு, பருப்பு, மஞ்சள் வரைக்கும் சுலபம். பூலாங்கிழங்குக்கும் ஆவாரம்பூவுக்கும் போனில் படம் தேடிக் காட்டினேன். டாக்டர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தார்.

"அவ்வளவுதானா?"

அவ்வளவு இல்லை என்று தெரியும். 'இன்னும் என்னென்னவோ' என்பதில் என்னென்ன இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் நான் மனைவியிடம் கேட்டதே இல்லை. வசம்பு போடுவார்கள் என்று மட்டும் எங்கோ கேட்ட ஞாபகம். அதையும் படம் காட்டினேன்.

"வேகண்டா?" என்றார் டாக்டர், வசம்புக்கு மராத்திப் பெயரைச் சொல்லி. அவர் முகம் கொஞ்சம் மாறியது. "இது எவ்வளவு போட்டிருக்காங்கன்னு தெரியணும். மேல பூசறதுக்கும் குழந்தை வயித்துக்குள்ள போறதுக்கும் வித்தியாசம் இருக்கு. உங்க மிஸஸைக் கேட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் குழந்தை இங்கேயே இருக்கட்டும். தூங்கினா தூங்கட்டும், ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. கண்ணைத் திறக்கலைன்னா உடனே என்கிட்ட வரணும்."

கட்டிலின் ஒருபுறம் அத்தை, மறுபுறம் நான். இடையில் அந்தக் குழந்தை, ஒரு கையை விரித்தபடி. பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பரீட்சை இரண்டரை மணிக்குத்தான் முடியுமாம். குழந்தை விஷயம், அவசரம் என்றேன். "உங்க குழந்தையா?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன்.

அத்தை அதுவரை பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் நிறுத்தவும் இல்லை. பாதி இந்தி, பாதி மராத்தி. எனக்குப் புரியாது என்று நினைத்த இடங்களில் குரலை உயர்த்திச் சொன்னார்.

"சாஹேப், உங்க ஊர்ல மாவைப் பூசிக் குளிச்சிட்டு, சோப்பைத் தட்டுல போட்டுச் சாப்பிடுவீங்களா?"

"தப்பு எங்க பேர்லதான் அம்மா. எழுதி ஒட்டியிருக்கணும்."

"எழுதினா மட்டும்? எனக்குப் படிக்கத் தெரியுமா?"

நான் அதை யோசித்திருக்கவே இல்லை.

"வாசனை வந்துச்சு. வராம என்ன? வெங்காயம் வதக்கி இதைக் கரைச்சு ஊத்தினதும் கோவில் மாதிரி மணந்துச்சு. பணக்காரங்க வீட்டுக் கடலை மாவு இப்படித்தான் மணக்கும்போலன்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "குளிக்கிற பொடின்னு எப்படித் தோணும்? இன்னிக்கு வியாழக்கிழமை. குழாய்ல தண்ணியே வராது. தண்ணி வராத நாள்ல சோப்புப் பை தூக்கிட்டு வர்ற ஆள் நீங்க ஒருத்தர்தான்."

ஒன்றரை வருடமாக அந்தப் பஸ்தியில் பெரும்பாலான வியாழக்கிழமைகளில் தண்ணீர் நிறுத்தப்படுகிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் குடியிருப்பில் பெரிய தொட்டி இருக்கிறது. நிறுத்துவதே தெரியாது.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு வாய். கசந்துச்சு. பிள்ளை பசியில இருந்தா, நாலு வாய் உள்ள போயிடுச்சு." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவ அம்மா வந்தா என்ன சொல்வேன்? காலையில போகும்போது, 'பிள்ளைக்கு எதையும் புதுசா குடுக்காதீங்க வன்ஸ்'ன்னு சொல்லிட்டுத்தான் போனா." வன்ஸ் என்பது நாத்தனாரைக் கூப்பிடும் மராத்தி வார்த்தை.

"அவங்களுக்கு போன் பண்ணிச் சொல்லியாச்சா?"

"எதுல பண்றது?" மடியிலிருந்த போனைக் காட்டினார். "வீட்டுக்கு ஒண்ணுதான் இருக்கு. அது பிள்ளையோட இருக்கணும்னு என்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்கா. நாலு வீட்டுல சமையல் வேலை. எந்த எந்த வீடுன்னு எனக்குத் தெரியாது. அஞ்சு மணிக்குத்தான் வருவா. தம்பி லாரியோட நாசிக் போயிருக்கான்."

அந்தத் தாய் அப்போது எங்கேயோ ஒரு வீட்டில் சப்பாத்தி இட்டுக்கொண்டிருப்பார். எங்கள் எதிர்க் கட்டடமாகக்கூட இருக்கலாம். ஒன்றும் தெரியாமல் மாவு பிசைந்துகொண்டிருப்பார்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அத்தை கூப்பிட்டார். குழந்தை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. ஒருமுறை கூப்பிட்டபோது திறக்கவில்லை. அத்தை கன்னத்தைத் தட்டினார். நான் எழுந்து ஓடப் பார்த்தேன். அதற்குள் குழந்தை சிணுங்கி, அத்தையின் கையைத் தட்டிவிட்டது. நான் மறுபடி உட்கார்ந்தேன்.

இடையிடையே மகளின் போன் வந்தபடி இருந்தது.

"மூணு கிடைச்சுடுச்சு அப்பா. பிரிக்கவே இல்ல."

பிறகு, "அஞ்சு. ஒரு வீட்டுல பஜ்ஜிக்கு வெங்காயம் வெட்டி வெச்சுட்டாங்க. எண்ணெய் காயுது. நான் கத்தின கத்துல அந்த ஆன்ட்டி கரண்டியைக் கீழ போட்டுட்டாங்க."

"திட்டினாங்களா?"

"ம். அப்புறம் தண்ணி குடுத்தாங்க."

பிறகு, "ஏழு. எட்டாவது வீட்டுப் பாட்டி திருப்பித் தர மாட்டேங்கறாங்க."

"ஏன்? சொல்லும்மா, சாப்பிடக்கூடாதுன்னு!"

"அவங்களுக்குத் தெரியும் அப்பா. 'இது தீபாவளிக்குத் தேய்க்கிற உட்ணாதானே, எனக்குத் தெரியாதா? ஏப்ரல்ல எந்தப் பைத்தியக்காரன் குடுப்பான்னுதான் யோசிச்சேன்'னு சொல்றாங்க. உன்னைத்தான் சொல்றாங்க."

அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சிரித்துவிட்டேன். அத்தை என்னவென்று கேட்டார். சொன்னேன். "அந்தக் கிழவிக்கு எல்லாம் தெரியும். முன்னாடியே வந்து எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார் கோபமாக. ஆனால் அவர் உதட்டோரத்திலும் ஏதோ நெளிந்தது.

"சரி, நீ இப்ப இங்க வந்துடு" என்றேன் மகளிடம்.

"இல்லப்பா. குழந்தையோட அம்மா வர்றப்ப வீடு பூட்டிக் கிடக்கும். யாராவது கன்னாபின்னான்னு சொல்லிடுவாங்க. நான் அவங்க வாசல்ல உக்காந்திருக்கேன். நானே சொல்லிக் கூட்டிட்டு வரேன்."

"அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லையா?"

"நீ அங்க இருக்கணும். நான் சொல்றேன்."

நான் செய்த தப்பை, பெற்ற தாயிடம் என் பிள்ளை போய்ச் சொல்லப்போகிறாள். வேண்டாம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு ஐம்பதுக்கு மனைவி கூப்பிட்டாள். பள்ளியில் என்ன சொன்னார்களோ, அழுதுகொண்டே, "பாப்பாவுக்கு என்ன?" என்றாள். பாப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன்.

"எழுதாமயா குடுத்தீங்க?"

"ஆமா. வசம்பு போட்டியா? எவ்வளவு?"

"போட்டேன். இருங்க. மொத்தம் மூணு கிலோ. அதுக்கு ஒரே ஒரு துண்டு. விரல் நீளம். சுட்டுத்தான் போட்டேன்."

"நிச்சயமா? ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். இன்னொண்ணு அஞ்சறைப் பெட்டியில இருக்கு. காலையில கூட பார்த்தேன். வேப்பிலை நிறைய போட்டேன், அதுதான் கசப்பு. நான் வரட்டுமா?"

"நீ இரு. தேவைன்னா கூப்பிடறேன்."

டாக்டரிடம் ஓடினேன். அவர் மூன்று கிலோ, ஒரு துண்டு, நாலு வாய் என்று விரலால் கணக்குப் போட்டு, பெரிய டாக்டர் ஒருவருடன் போனில் பேசினார். எனக்கு அந்த இரண்டு நிமிடமும் அந்த மேஜையின் மேல் இருந்த பச்சை நிறப் பேனா மூடி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"ரொம்பக் கொஞ்சம்தான். பயறும் பருப்பும் பாதிக்கு மேல. பச்சையா இல்லாம வெந்திருக்கு வேற. வாந்தியிலயும் நிறைய வெளிய வந்திருக்கும்" என்றார். "சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். உப்பு சர்க்கரைத் தண்ணியை ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. ஒண்ணுக்குப் போனா சொல்லுங்க." எழுதிய தாளை மடித்தவர், போகிற போக்கில், "சார், எங்க வீட்டுலயும் அம்மா இதே மாதிரி அரைப்பாங்க. டப்பா மேல ஒரு குழந்தை குளிக்கிற படம் நானே வரைஞ்சு ஒட்டியிருக்கேன்" என்றார்.

மூன்றரைக்குக் குழந்தை ஒன்றுக்குப் போனது. அத்தை வராந்தா முழுக்கக் கேட்கும்படி அதை அறிவித்தார். நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. இது யார் என்பதுபோல அத்தையைப் பார்த்தது.

"இதுதான் சோப்பு மாமா" என்றார் அத்தை. "உன்னை உள்ளயும் குளிப்பாட்டிட்டார்."

பக்கத்துக் கட்டில் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். குழந்தைக்கு என்ன புரிந்ததோ, அதுவும் பல்லைக் காட்டியது. பிஸ்கட் வேண்டும் என்றது. டாக்டரைக் கேட்டு, வெளியே ஓடிப்போய் வாங்கி வந்து, தண்ணீரில் நனைத்துக் கொடுத்தோம். இரண்டு பிஸ்கட் தின்றது. கால் மணி நேரம் நானும் அத்தையும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வரவில்லை.

உடம்புக்கு இனி பயமில்லை என்று தெரிந்ததும் எனக்கு அடுத்த பயம் வந்தது. அஞ்சு மணி ஆகிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் வந்துவிடுவார். பஸ்திக்குள் இனி கால் வைக்காதே என்றால் அது நியாயம். நான் கால் வைக்காவிட்டால் மற்ற வீடுகளில் அந்த முதியவருக்கு டயப்பர், பள்ளிக்குப் போகும் பெண்களுக்கு நாப்கின் என்று யார் கொண்டுபோவார்கள் என்ற கவலையும் கூடவே வந்தது. அப்படிக் கவலைப்படுவதற்கு எனக்கு என்ன தகுதி என்றும் வந்தது. வாசல் பக்கம் ஒவ்வொரு ரிக்ஷா சத்தத்துக்கும் எழுந்தேன்.

"உக்காருங்க சாஹேப்" என்றார் அத்தை. "நிக்கிற ஆளைத்தான் அவ முதல்ல திட்டுவா."

ஐந்து இருபத்தைந்துக்கு ரிக்ஷா வந்தது. முதலில் என் மகள் இறங்கினாள். தூசியும் வேர்வையுமாக, முகம் வீங்கி, அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. பின்னால் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், சேலையைத் தூக்கிச் செருகியபடி, நகக்கண்ணில் காய்ந்த மாவு. வீட்டுக்குள் நுழையாமல் வாசலோடு திரும்பி வந்திருக்கிறார்.

எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போனார். குழந்தையை மடியில் போட்டு, கண்ணைத் திறந்து பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார், உள்ளங்காலைக் கிள்ளினார். குழந்தை வீல் என்று கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் அவர் தோள் இறங்கியது. குழந்தையின் வாயை முகர்ந்து பார்த்தார். டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். அத்தை, "நான் வந்து..." என்று ஆரம்பித்தார். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

நான் எழுந்து கைகூப்பினேன். என் உடைந்த இந்தியில் தப்பு என்னுடையது, என் மகளுடையது இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

"உங்க பொண்ணு ரிக்ஷாவுல எல்லாத்தையும் சொல்லிட்டா. ஒண்ணையும் மறைக்கல. மறைச்சிருந்தா இப்ப நான் பேசறதே வேற மாதிரி இருந்திருக்கும்" என்றார். குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "எங்க வீட்டுக்கு என்ன வேணும், என்ன வேண்டாம்னு நீங்களா உக்காந்து யோசிச்சு, நீங்களா கட்டி, வாயைச் சுருக்கிக் குடுத்துட்டுப் போறீங்க. யாரையாவது கேட்டீங்களா? அடுத்த வியாழக்கிழமை காலையில ஒரு வீட்டு வேலையை மத்தியானத்துக்கு மாத்திக்கறேன். ஒன்பது மணிக்கு உங்க வீட்டுக்கு வரேன். கூட இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரேன். நான் வர்ற வரைக்கும் ஒரு பையையும் கட்டாதீங்க."